வெந்நீர் ஊற்றுகளும் மறைசாட்சியரின் மலையும்

மகனோ மகளோ டோக்கியோவிலோ ஒசாக்காவிலோ பணியில் அமர்ந்திருக்க, அவர்களைக் கண்டுவரச் செல்லும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று ஆங்காங்கே இருக்கின்றனர். சென்ற இடத்தில் ஒரு வாரம் ஓய்வு கிடைத்தால் எங்கே போகலாம் என்று கேட்டால், ஜப்பானியர் யாவரும் சொல்லும் விடை ஒன்றே: வெந்நீர் ஊற்றுக்குச் செல்லுங்கள். சொல்வது எளிது, தேர்ந்தெடுப்பது எளிதன்று. தங்கிக் குளிக்க வசதியுள்ள ஊற்றூர்கள் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 3,000. ஊற்றுக்கண்களோ 25,000க்கும் மேற்பட்டவை. இவற்றை அவர்கள் 'ஓன்சென்' என்பர். 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பம் இருக்கவேண்டும். அல்லது சட்டம் குறித்துள்ள 19 பொருள்களுள் ஒன்றேனும் உரிய அளவில் நீரில் கலந்திருக்கவேண்டும். அப்போதுதான் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

பயண நூல்களைப் புரட்டினால் டோக்கியோவை அடுத்த ஹக்கோனேயும், மலை நடுவிலுள்ள குசாட்சுவும் முதலில் வந்து நிற்கும். அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயினும் நம் குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது தெற்கே உள்ள கியூஷூ தீவு. எரிமலைகள் நிறைந்த அத்தீவில் மேற்கே நாகசாகி, கிழக்கே பெப்பு என இரு முனைகள். இவ்விரண்டையும் இணைத்து ஒரே கோடாகப் பயணம் செய்தால், வந்த வழியே திரும்பவேண்டிய தொல்லை இல்லை. அந்தக் கோட்டின் மீதுதான் உன்சென் என்ற மலையூரும் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த ஊர்தான்.

திட்டமிடும்போது ஒன்றை உறுதியாகக் கொள்ளவேண்டும். ஏழு இரவுகளில் மூன்று ஊற்றூர்களுக்கு மேல் கூடாது. நம்மவர் பயணம் என்றால் ஒரு நாளில் நான்கு இடம் பார்த்தாக வேண்டும் என்ற வேகம் பிறந்துவிடுகிறது. 'ரியோகான்' எனப்படும் மரபுவழி விடுதியில் அந்த வேகம் பணத்தை வீணாக்கும். அங்கே வாடகை அறைக்கன்று, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கும். பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்து, குளித்து, மாலை ஆறு மணியளவில் உணவுக்கு அமரவேண்டும். எட்டு மணிக்கு மூட்டை முடிச்சுகளோடு போய் நின்றால், கொடுத்த பணத்தில் பாதியைப் பயன்படுத்தாமலே இழப்போம். உணவில் மீன் ஏறக்குறைய எல்லாப் பதார்த்தங்களிலும் இருக்கும். மீன் குழம்பிய சாறு காய்கறியிலும் கலந்திருக்கும். மரக்கறி உண்போர் இடம் பதிவு செய்யும்போதே எழுதித் தெரிவிப்பது அவசியம். சிக்கனம் வேண்டுவோர் உணவில்லாத அறைகளைக் கேட்டுப் பெறலாம். பொதுக் குளியல் இல்லங்களில் சில நூறு யென் கொடுத்து, தங்காமலே நீராடிவரவும் இயலும். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென் அளவில் நீராட்டு வரியும் உண்டு.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டை ஒட்டியும் அந்நாட்டாரே பெருந்திரளாகப் பயணம் செய்வதால் இடம் கிடைப்பதரிது. ஜூனில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழை. அதன்பின் புயற்காலம். ஆகவே மே மாதத்தின் பிற்பகுதியோ, அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரையிலான காலமோ ஏற்றது. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் மே மாதத்தில் வருவது நல்வாய்ப்பு.

சனிக்கிழமை ஃபுகுவோக்கா நகரில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள ஹக்காத்தா நிலையத்தில் இரயிலேறி, தக்கேயோ ஓன்செனில் அதிவேக இரயிலுக்கு மாறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நாகசாகி. இந்த அதிவேகப் பாதை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மறுநாள் ஞாயிறு. உரக்காமி பேராலயத்தில் திருப்பலி காணலாம். 1945 ஆகஸ்ட் 9 அன்று வீசப்பட்ட அணுகுண்டு இந்த ஆலயத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் வெடித்தது. இன்று காண்பது 1959இல் மீண்டும் எழுப்பப்பட்டது.

பிற்பகலில் நிஷிசக்கா குன்று. 1597 பெப்ருவரி 5 அன்று 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு ஈட்டியால் குத்தப்பட்ட இடம் அது. அவர்களுள் ஒருவரான புனித கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்தவர். இந்திய மண்ணில் பிறந்து புனிதராக உயர்த்தப்பட்ட முதல்வர். ஓரா பேராலயமும் அந்நகரில்தான். 1865 மார்ச் 17 அன்று, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குருக்களின்றி மறைவில் நம்பிக்கையைக் காத்த மக்கள், பெத்தித்ஷான் அடிகளாரிடம் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டது அந்த ஆலயத்திலேதான். இவற்றை விரித்தெழுதத் தனி இதழே வேண்டும். இங்கே நம் பொருள் வெந்நீர் ஊற்று. ஆகவே திங்களன்று மலையேறுவோம்.

நாகசாகியிலிருந்து இரயிலில் இசஹாயா வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உன்சென். நாளொன்றுக்குச் சில பேருந்துகளே ஓடுகின்றன. நேரத்தை முன்னரே குறித்துக்கொள்ளவேண்டும். வழியில் கடற்கரையை ஒட்டி ஓபாமா என்றொரு ஊற்றூர் வரும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்தவரின் பெயரோடு ஒத்திருப்பதை அவ்வூரார் ஒரு காலத்தில் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டனர். அதன் ஊற்று நீர் 105 டிகிரி வெப்பத்தில் வெளிப்படுகிறது. அந்த எண்ணை நினைவூட்டவே, கால் நனைத்து உட்காரும் தொட்டி ஒன்றைக் கடலோரத்தில் 105 மீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கின்றனர். முழங்கால்வரை நனைத்துக்கொள்ள யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. முதன்முறை செல்வோர் இங்கே தொடங்குவது நல்லது.

உன்சென் கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டர் உயரத்திலுள்ளது. பேருந்தின் கதவு திறந்தவுடன் கந்தக நெடி வந்து மூக்கைத் தாக்கும். ஊரின் நடுவிலேயே வெண்மையும் சாம்பலுமாய் வெந்துபோன ஒரு நிலப்பரப்பு. அங்கே மரமில்லை, ஏறத்தாழ 30 இடங்களில் நீராவி சீறிக்கொண்டும் நீர் கொதித்துக்கொண்டும் இருக்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜிகோகு', அதாவது நரகம். நெடுங்காலம் பௌத்தத் துறவியரின் மலையாக விளங்கிய இடம் என்பதால் அப்பெயர் அமைந்தது. ஊரின் பெயரும் முன்னாளில் 'வெந்நீர் ஊற்று' என்ற பொருள்தரும் எழுத்துகளாலேயே எழுதப்பட்டது. 1934இல் ஜப்பானின் முதல் தேசியப் பூங்காக்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது எழுத்தை மாற்றிக்கொண்டனர்.

இந்த நரகங்களுள் ஒன்றின் பெயர் 'பேரலறல்'. மற்றொன்று செய்ஷிச்சி என்ற கிறிஸ்தவரின் பெயரைத் தாங்கியது. அருகே மேட்டில் ஒரு சிலுவை நிற்கிறது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மறை ஜப்பானில் தடைசெய்யப்பட்டது. ஷிமபாரா பகுதியின் தலைவன் மட்சுகுரா ஷிகெமசா, மறையை விட்டு விலகாதவர்களை இம்மலைக்குக் கொண்டுவரச் செய்தான். 1627 பெப்ருவரி 21 அன்று பவுல் உச்சிபோரி என்பவரின் மூன்று புதல்வர்கள் அவர் கண்முன்னே விரல்கள் வெட்டப்பட்டு, குளிர்ந்த கடலில் ஆழ்த்திக் கொல்லப்பட்டனர். பல்தசார், அந்தோனி, இஞ்ஞாசி என்பன அவர்கள் பெயர்கள். இஞ்ஞாசிக்கு வயது ஐந்து. ஒரு வாரம் கழித்து, 28ஆம் நாளன்று, தந்தையையும் அவரோடு 15 பேரையும் உன்செனின் கொதிநீரில் இட்டுக் கொன்றனர். இவர்கள் உள்ளிட்ட 188 மறைசாட்சியர் 2008 நவம்பர் 24 அன்று நாகசாகியில் முத்திப்பேறு பெற்றோர் பட்டம் அளிக்கப்பெற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குருக்களோ துறவியரோ அல்லர். இல்லறத்தார், அவர்தம் மனைவியர், மக்கள்.

பின்வந்த ஆண்டுகளில் அதிகாரிகளின் நோக்கம் மாறிற்று. கொல்வதைவிட மறுதலிக்கச் செய்வதே மேல் என எண்ணினர். 1631இன் இறுதியில் இயேசு சபைக் குரு அந்தோனி இஷிதாவையும் வேறு சில குருக்களையும் இங்கே கொண்டுவந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கொதிநீரை அகப்பையால் மொண்டு உடலில் ஊற்றினர். இறந்துவிடாதபடி இடையிடையே மருத்துவமும் செய்தனர். அவர்கள் மறுதலிக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பர் 3 அன்று நாகசாகியில் எரித்துக் கொல்லப்பட்டனர். ஷுசாகு எந்தோ 1966இல் வெளியிட்ட 'மௌனம்' என்ற புதினத்தைப் படித்தவர்களுக்கும், 2016இல் வந்த அதன் திரைப்படத்தைக் கண்டவர்களுக்கும் இந்நிகழ்ச்சி புதிதன்று. தாங்க இயலாமல் மறுதலித்தவர்களும் பலர் இருந்தனர் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை, நாமும் மறைக்கவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு இன்பச் சுற்றுலாவாகச் செல்வதும், அதே மலையின் நீரில் சுகமாக அமிழ்ந்திருப்பதும் தகுமா என்ற கேள்வி நியாயமானது. தகும் என்பதே நம் கருத்து. நீர் குற்றம் செய்யவில்லை. மறைசாட்சியருக்கு முன்னும் பின்னும் மூட்டு வலியோடும் தோல் நோயோடும் மலையேறி வந்த எளிய மக்களுக்கு அது ஆறுதலளித்தே வந்திருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம் என்று நாம் எண்ணுகிறோம். விடுதிக்குச் சென்றதும் குளத்தை நோக்கி ஓடாமல், முதலில் மரப்பாலங்கள் வழியே நரக வெளியைச் சுற்றி வந்து, சிலுவையடியில் சிறிது நேரம் நில்லுங்கள். அதன்பின் நீராடுங்கள். குளத்து நீரின் வெப்பம் 42 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதில் கால் வைத்ததும் 'ஐயோ' என்று இழுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க இயலாமல் எழுந்துவிடுவோம். வெளியே கொதிப்பது அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வெப்பம். அந்தோனி இஷிதாவின் ஒரு மாதம் எத்தகையது என்பதை வளர்ந்த பிள்ளைகள் எந்தப் புத்தகத்தையும் விட அந்தப் பத்து நிமிடத்தில் நன்றாக அறிந்துகொள்வர். சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதைப் பெற்றோரே முடிவு செய்க. ஊரில் மறைசாட்சியர் நினைவாக ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. மே மாதத்தில் மறைசாட்சியர் விழாவும் கொண்டாடப்படுகிறது. அதே வேளையில் மலைச்சரிவுகளில் இளஞ்சிவப்பு நிறக் காட்டு அசேலியா மலர்கள் பூத்திருக்கும்.

குளிக்கும் முறையைச் சொல்லாமல் விட்டால் நம் தாய்மார்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளங்கள் தனித்தனியே. எனினும் உடையேதும் அணியாமலேயே இறங்கவேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். நீச்சலுடையும் கூடாது. இதனாலேயே ஊற்றூர் வரை சென்றும் குளிக்காமல் திரும்பியவர்கள் உண்டு. அதற்கு அவசியமில்லை. 'கஸோக்கு-புரோ', அதாவது குடும்பக் குளியலறை என்று கேட்டால், கதவைத் தாழிட்டுக்கொள்ளும் தனிக் குளத்தை முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ வாடகைக்குத் தருவர். கணவன் மனைவியரும், தாயும் சேயும் கூச்சமின்றி நீராடலாம். பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளத்தில் அனுமதிக்காத விடுதிகளிலும் இது பெரும்பாலும் தடையில்லை.

குளத்தில் இறங்குமுன் சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிடவேண்டும். குளம் அழுக்குப் போக்க அன்று, உடல் ஓய்வதற்கே. கூந்தலை முடிந்துகொள்ளவேண்டும். சிறு துண்டை நீரில் நனைக்காமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்வர். உன்செனின் நீர் புளிப்புத் தன்மையும் கந்தகமும் உடையதாதலால் வெள்ளி நகைகள் கறுத்துப்போகும். கழுத்திலுள்ள வெள்ளிச் சிலுவையைக் கழற்றி வைக்க மறவாதீர். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்கலாம். வயிறு நிறைய உண்ட கையோடும் கூடாது. குளித்தெழுந்ததும் 'யுகாதா' என்ற பருத்தி அங்கியை விடுதியார் தருவர். இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டுக. வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

உன்செனில் இரண்டு இரவு தங்கினால் ஒரு முழுப் பகல் மிஞ்சும். வாடகைக் காரில் நித்தா கணவாய்க்குச் சென்று, கம்பிவழி ஊர்தியில் மேலேறினால் ஃபுகென் மலையும், அதனருகே 1990இல் தொடங்கிய வெடிப்பில் புதிதாய் எழுந்த 1,483 மீட்டர் உயரச் சிகரமும் தெரியும். 1991 ஜூன் 3 அன்று அதிலிருந்து பாய்ந்திறங்கிய கனல் மேகம் 43 உயிர்களைக் கொண்டுசென்றது. நம்மைக் குளிப்பாட்டும் அதே நெருப்புத்தான் அதுவும்.

புதனன்று பேருந்தில் ஷிமபாரா நகருக்கு இறங்கலாம். தெருவோர வாய்க்கால்களில் தெளிந்த நன்னீரும் வண்ணக் கெண்டைகளும் ஓடும் அழகிய ஊர். மட்சுகுரா கட்டிய கோட்டையின் மையக் கோபுரம் 1964இல் மீண்டும் கட்டப்பட்டு, கிறிஸ்தவர் கால நினைவுப் பொருள்களின் காட்சியகமாக விளங்குகிறது. அக்கோட்டைக்காகச் சுமத்தப்பட்ட கொடிய வரியும், மறைத் துன்புறுத்தலும் சேர்ந்தே 1637இல் பெருங்கலகத்தை மூட்டின. கலகத்தார் அழிந்த ஹாரா கோட்டை இன்னும் தெற்கே. காணவிரும்புவோர் அரைநாள் கூட்டிக்கொள்ளவேண்டும்.

துறைமுகத்திலிருந்து விரைவுக் கப்பலில் அரை மணி நேரம், மெதுவான கப்பலில் ஒரு மணி நேரம். கடலுக்கு அப்பால் குமமோட்டோ. அங்கிருந்து இரயிலில் அசோ. வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டர் நீண்ட பழைய எரிமலை வாய்க்குள் வயல்களும் ஊர்களும் இரயில் பாதையும் இருப்பது வியப்பே. உச்சினோமக்கியில் ஓரிரவு தங்கினால் போதும். புகையும் மலைவாயை நச்சுக் காற்று மிகும் நாள்களில் மூடிவிடுவர். ஆஸ்துமா உள்ளவர்கள் திறந்திருக்கும் நாளிலும் செல்லலாகாது.

வியாழன் பிற்பகல் பெப்பு. ஊரெங்கும் ஆவி எழும். 2,000க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள். இங்கும் 'நரகங்கள்' உண்டு, ஏழு. ஒன்று கடல் போல் நீலம், ஒன்று இரத்தம் போல் சிவப்பு. நுழைவுச் சீட்டும் அவித்த முட்டையும் பொம்மைக் கடையுமாக எல்லாம் வேடிக்கை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உன்செனைக் கண்டுவந்த பெரியவர்களுக்கு 'நரகம்' என்ற சொல்லே சற்று வேறாக ஒலிக்கும். கன்னாவா பகுதியில் இயற்கை ஆவியிலேயே காய்கறியையும் முட்டையையும் நாமே வேகவைத்து உண்ணலாம். மரக்கறியாருக்கு இந்தப் பயணத்தின் மிக நிம்மதியான உணவு அதுதான். 1879இல் தோன்றிய தக்கெகவாரா குளியல் இல்லம் சுடுமணலில் புதைத்தெடுக்கும் சிகிச்சைக்குப் பேர்பெற்றது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொள்க.

வெள்ளியன்று காலையில் அடுத்த ஊராகிய ஓயித்தாவுக்குச் சென்றுவரலாம். அன்று அதன் பெயர் ஃபுனாய். நம் முத்துக்குளித்துறை மக்களிடையே 1542 முதல் உழைத்த புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கி, 1551இல் இவ்வூரின் தலைவரால் மதிப்போடு வரவேற்கப்பட்டார். மருத்துவரும் வணிகருமாயிருந்து இயேசு சபையில் சேர்ந்த லூயிஸ் தெ அல்மெய்தா, 1557இல் இங்கே மருத்துவமனை தொடங்கினார். ஜப்பானில் மேனாட்டு மருத்துவம் செய்த முதல் மருத்துவமனை அது. ககோஷிமாவையும் இப்பயணத்திலேயே சேர்த்துவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அது தெற்கே வெகுதொலைவு. மற்றொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மீண்டும் பெப்பு. மலைச்சரிவிலுள்ள விடுதிகளின் திறந்தவெளிக் குளத்தில் அமர்ந்தால் வளைகுடா முழுவதும் கண்ணில் படும். 1551 நவம்பரில் சவேரியார் இந்தியாவுக்குத் திரும்பக் கப்பலேறியது அக்கடலிலிருந்துதான். மறுநாள் சனிக்கிழமை, பெப்புவிலிருந்து ஹக்காத்தாவுக்கு விரைவு இரயிலில் இரண்டு மணி நேரம்.